வரியக் கொறைங்கன்னு கேக்கப் போனப்ப கத்துக்கிட்டது

கோயமுத்தூர்ல சின்னச் சின்ன கிரைண்டர் பட்டறைகளுக்கு கணக்கு பாக்குறதுதான் என் வேலை. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப வெட் கிரைண்டருக்கு 28 சதவீதம்னு போட்டாங்க, ஏசிக்கும் அதே ரேட்டு, இட்லிக்கு மாவாட்டுற மிஷினுக்கும் அதே ரேட்டு. அந்த மாசம் ஒரு பட்டறைல உக்காந்து பில்லு போட்டது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. 5000 ரூபா மிஷினுக்கு 1400 ரூபா வரி. ஓனர் அண்ணா கால்குலேட்டர மூணு தடவ தட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம, ஊத்துக்குளில இருந்து வந்து எறங்கிக் கெடந்த கல்லையே பாத்துட்டு இருந்தாரு.

அப்பறம்தான் எல்லாரும் சேந்து மனு எழுதலாம்னு என்னயக் கூப்பிட்டாங்க. மொத மனு மூணு பக்கம், முழுக்க கோவம், எங்க வயித்துல அடிக்காதீங்கன்னு. அத யாரும் படிச்ச மாதிரி தெரியல. அடுத்தத ஒரே பக்கத்துல எழுதுனேன், கல்லு, மோட்டார், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சீட்டு, கூலி, வரி, கைல நிக்கிறது எவ்வளவுன்னு. அந்த நவம்பர்ல வரி 12 சதவீதம் ஆச்சு, 2019ல 5 ஆச்சு. எங்க மனுவாலதான்னு சொல்ல மாட்டேன், எத்தனையோ பேரு கேட்டாங்க. ஆனா 2022 ஜூலைல மறுபடி 18. மோட்டாருக்கும் சீட்டுக்கும் 18 கட்டி வாங்கி 5ல விக்கிறதால, விக்கிறப்ப கழிக்க முடியாம கட்டுன வரி தேங்குது, அத சரி பண்ணுறோம்னாங்க. தேங்குறது நெசம்தான், நானே எத்தனையோ ரீபண்டு போட்டிருக்கேன். அதுக்கு வாங்குற சாமான் மேல இருக்கிற வரிய எறக்கியிருக்கலாமே, வாங்க வர்ற வீட்டுக்காரம்மா தலைல ஏன் ஏத்தணும்?

அந்த சமயத்துல ஒரு அதிகாரி கேட்டாரு, "எல்லாத்தையும் கொறச்சுட்டா ரோடு எதுல போடுறதுங்க?" எனக்கு பதில் வரல. உண்மையாவே வரல. அன்னிக்கு ராத்திரி தூக்கம் புடிக்கல.

அடுத்த நாள் அதே பட்டறைக்குப் போனேன். முன்னாடி ரெண்டு படி ஏறித்தான் உள்ள போவோம், இப்ப ரோட்டுல இருந்து ஒரு படி எறங்கணும், மழை பேஞ்சா தண்ணி நேரா கல்லு கொத்துற எடத்துக்கே வந்துரும். பழைய ரோட்ட சுரண்டாமலே மேல மேல போட்டிருக்காங்க. சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021ல தலைமைச் செயலரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டிருந்தாரு. ரோடு போட்ட கொஞ்ச நாள்லயே குழாய்க்காக அதையும் தோண்டிட்டாங்க. எவ்வளவு காசு அது, யாரு கட்டுன காசு?

பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டேன், அந்த ரோட்டோட எஸ்டிமேட் காப்பியும், போட்ட வேலைய அளந்து எழுதுற எம் புக் காப்பியும் குடுங்கன்னு. 30 நாள்ல பதில் வரல, மேல்முறையீடு போட்டதுக்கப்பறம் ஒரு கவர் வந்துச்சு. எஸ்டிமேட்ல சுரண்டுறதுக்குன்னு தனியா ஒரு லைன் இருந்துச்சு. படியோட போட்டோவ அது பக்கத்துல வெச்சுப் பாத்தேன், கை நடுங்குச்சு.

அதுக்கப்பறம் எழுதுன மனு எல்லாத்துலயும் ரெண்டு தாள் இருக்கும், ஒண்ணு கிரைண்டர் கணக்கு, இன்னொண்ணு ரோட்டுக் கணக்கு. போன மழைக்கு முன்னாடி பக்கத்து தெருவுக்கு சுரண்டுற மிஷின் வந்துச்சுன்னு அண்ணா போன் பண்ணுனாரு. நான் போறப்ப டேப்ப புடிச்சுட்டு ரோட்டோரமா குத்தவெச்சு எத்தன இஞ்சு சுரண்டுறாங்கன்னு அளந்துட்டு இருந்தாரு.