20 லட்சத்தைத் தாண்டியது என் சம்பாத்தியம் இல்லை, ஜவுளிக்கடையின் விளம்பரக் காசு

தனியாளாக மார்க்கெட்டிங் கன்சல்டன்சி நடத்தினால் இந்தப் பேச்சு என்றைக்காவது காதில் விழும்: "தம்பி, விளம்பரத்துக்கு உங்க கார்டையே போட்டு ஓட்டிருங்க. மாசக் கடைசில உங்க ஃபீஸோட சேத்து ஒரே பில்லாப் போட்ருங்க, குடுத்தர்றேன்." கோவை ஜவுளிக்கடை முதலாளி வாயால் வந்தால் மறுப்பதும் கஷ்டம். ஆனாலும் மறுத்துவிடுங்கள். 2024 தீபாவளிக்குப் பிறகு நான் அலைந்த அலைச்சல் மொத்தமும் அந்த 'ஒரே பில்'லில் ஆரம்பித்ததுதான்.

கணக்கைப் பாருங்கள். நான்கு கிளையன்ட், ஆளுக்கு மாதம் 25,000. வருடத்துக்கு 12 லட்சம். சேவைத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம், பக்கத்திலேயே போகாது. ஆனால் ஜவுளிக்கடையின் கூகுள், மெட்டா விளம்பரச் செலவு, வரியும் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம், என் பில் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஃபீஸ் 6 லட்சம், விளம்பரக் காசு 9 லட்சம். அக்டோபரில் ஃபீஸ் 1 லட்சம், தீபாவளிக்கு விளம்பரம் 3 லட்சம். மொத்தம் 19. நவம்பர் பில்லில் வரம்பு தாண்டியாயிற்று. நம் கையில் தங்காவிட்டாலும், நம் பில்லில் ஏறிய காசு நம் டர்ன்ஓவர்தான்.

"அது அவங்க காசு, நான் வெறும் போஸ்ட்மேன்" என்று ஆடிட்டரிடம் வாதாடிப் பார்த்தேன். போஸ்ட்மேனுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஜிஎஸ்டி விதி 33, 'ப்யூர் ஏஜென்ட்': கிளையன்டுக்காகச் செலவழித்துத் திரும்ப வாங்கிய காசு நம் கணக்கில் சேராது. ஆனால் கிளையன்ட் சார்பில் செலவு செய்யலாம் என்று ஒப்பந்தம் இருக்க வேண்டும், செலவுத் தொகை பில்லில் தனி வரியாக நிற்க வேண்டும், கொடுத்ததற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்கக் கூடாது. என்னிடம் ஒப்பந்தம் என்று ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. விளம்பரக் கணக்கே என் பெயரில். அக்டோபர் பில்லை என் பக்கம் திருப்பி வைத்தார் ஆடிட்டர். 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் – 3,25,000' என்று ஒற்றை வரி. "இதுல எந்தக் காசு யாருதுன்னு எங்க எழுதியிருக்கு?"

இதில் கடைக்காரருக்கும் நஷ்டம் என்பது அவருக்கே தெரியவில்லை. ஒன்றரை லட்சத்துக்குள் சுமார் 22,900 ரூபாய் ஜிஎஸ்டி. கணக்கு அவர் பெயரில், அவர் ஜிஎஸ்டி எண்ணோடு இருந்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்திருப்பார். பதிவில்லாத என் பெயரில் போனதால் இருவருக்கும் இல்லை.

வரம்பு தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆன்லைனில் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அரை மணி நேர வேலை. மாட்டிக்கொள்வது தொழில் நடக்கும் இடத்துக்கான சான்றில்.

வீட்டிலிருந்தே வேலை, வீடு அப்பா பெயரில். ஈபி பில்லும் சம்மதக் கடிதமும் ஏற்றினேன். ஈபி பில்லில் பழைய கதவு எண். ஆதாரில் புதிய எண். சொத்து வரி ரசீதில் இரண்டும், நடுவில் ஒரு சாய்கோடு. ஆர்இஜி-03 என்ற விளக்கக் கேள்வி வந்துவிட்டது. இதற்கு 7 வேலை நாளுக்குள் ஆர்இஜி-04 படிவத்தில் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். மெயிலில் வரும் அறிவிப்பு விளம்பர மெயில்களுக்குள் புதைந்துவிடும். போர்ட்டலுக்குள் தினமும் போய்ப் பாருங்கள். நான் பார்த்தபோது நான்கு நாள் போயிருந்தது.

பதிலில் கதை எழுத வேண்டியதில்லை. பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள சொத்து வரி ரசீதை ஏற்றி, 'இரண்டும் ஒரே கட்டடம், ரசீதில் காண்க' என்று ஒரு வரி போதும். அது போதும் என்று தெரியாமல் நேரில் போய் ஒரு காலைப்பொழுதைத் தொலைத்தேன். "ஆன்லைன்ல போடுங்க, இங்க எதுக்கு வந்தீங்க" என்பதோடு சரி. விண்ணப்பத்திலேயே முகவரியை ரசீதில் உள்ளபடி 'பழைய எண், புதிய எண்' என்று அடித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சம்மதக் கடிதம் பத்திரத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் காசு பிடுங்குவார்கள். 2025 ஏப்ரல் 17ல் மத்திய மறைமுக வரி வாரியம் தன் அலுவலர்களுக்குத் தெளிவாகவே எழுதிவிட்டது: உறவினர் வீடு என்றால் வெள்ளைத் தாளில் சம்மதக் கடிதம், அவருடைய அடையாளச் சான்று, உரிமைக்கு ஒரு ஆவணம், இவ்வளவுதான். வாடகை வீட்டுக்கு, ஒப்பந்தம் பதிவு செய்ததாக இருந்தால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் கேட்கக் கூடாது. உங்கள் விண்ணப்பம் மாநில அலுவலரிடம் போனாலும் இதன் நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

சான்றிதழ் வந்தபின் 30 நாளுக்குள் வங்கிக் கணக்கைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவை நிறுத்தி வைப்பார்கள். அங்கேதான் அடுத்த முட்டல். தனிநபர் நிறுவனத்துக்குக் கரன்ட் அக்கவுண்ட் என்றால், நிறுவனத்தின் பெயரில் இரண்டு சான்று கேட்பார்கள். ஜிஎஸ்டி ஒன்று, உத்யம் என்ற சிறு, குறுந்தொழில் அரசுப் பதிவு ஒன்று. இரண்டும் இருக்கிறதென்று மிதப்பாகப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். "சார், இதுல கன்சல்டிங்னு இருக்குதுங்க, அதுல கன்சல்டன்சின்னு இருக்குதுங்க. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு வாங்க." கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. உத்யமில் பெயரைத் திருத்த ஆதார் ஓடிபி போதும். மறுநாள் போனால், "சீல் எங்கீங்க?" புரோப்ரைட்டர் என்று போட்ட ரப்பர் ஸ்டாம்ப். அதற்கு ஒரு நடை.

உத்யம் பதிவுக்குப் பத்துக் காசு கிடையாது. 'உத்யம்' என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தனியார் தளங்கள். கட்டணம் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள். தள முகவரி gov.in என்று முடிகிறதா பாருங்கள். தொழில் குறியீட்டில் 70200 மேலாண்மை ஆலோசனை, 73100 விளம்பரம், இரண்டையும் சேர்க்கலாம். முக்கியச் செயல்பாடு 'சேவை' என்றே இருக்கட்டும். 'வணிகம்' என்று விழுந்தால், தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு கைவிட்டுப் போகும்.

பதிவு அமலான நாளுக்கும் சான்றிதழ் வந்த நாளுக்கும் நடுவில் வரியில்லாமல் போட்ட பில்களை என்ன செய்வது? சான்றிதழ் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் திருத்திய வரிப் பட்டியல் கொடுக்கலாம். எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் இது. ஜிஎஸ்டி உள்ள மூன்று பேர், தங்களுக்கு உள்ளீட்டு வரி கிடைக்கும் என்பதால் முனகாமல் 18 சதவீதம் கொடுத்தார்கள். நான்காவது ஒரு ட்யூஷன் சென்டர். அவர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணே இல்லை. "பேசினது 25,000 தானே சார்?" அந்த வரி என் தலையில். இனி எந்தக் கொட்டேஷனிலும் 'ஜிஎஸ்டி தனி' என்ற இரண்டு சொல் இல்லாமல் அனுப்புவதில்லை.

காலாண்டு ரிட்டர்ன் முறையை எடுத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களில் கிளையன்டுக்குப் போட்ட பில்லை அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் (பில் விவரத்தை மட்டும் ஏற்றும்) வசதியில் ஏற்றாவிட்டால், அவருடைய அந்த மாத 2பியில், அதாவது உள்ளீட்டு வரிப் பட்டியலில், அது தெரியாது. தெரியாவிட்டால் அவருடைய ஆடிட்டர் ஜிஎஸ்டித் தொகையைப் பிடித்து வைப்பார். நீங்களோ காசு வந்தாலும் வராவிட்டாலும் வரியைக் கட்டியாக வேண்டும்.

டிடிஎஸ், அதாவது கிளையன்ட் நம் ஃபீஸிலேயே பிடித்துக் கட்டும் வருமான வரி, அந்தக் கதை வேறு. 25,000 ஃபீஸ், 4,500 ஜிஎஸ்டி, மொத்தம் 29,500. நிபுணர் கட்டணம் என்று பழைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடித்தால் 2,500தான் பிடிக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் கிடையாது என்று 2017லேயே வருமான வரித் துறை சுற்றறிக்கை 23 சொல்லிவிட்டது. ஆனால் 29,500க்குக் கணக்குப் போட்டு 2,950 பிடிப்பவர்கள் ஏராளம். பில்லில் 'விளம்பரப் பணி' என்று எழுதினால் சிலர் ஒப்பந்தப் பணிக்கான 194சியில் தனிநபருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். ஆலோசனை செய்துவிட்டு அப்படி எழுதாதீர்கள், பிறகு இழுபறி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டர்கள் வாயிலிருந்து 194ஜே சீக்கிரம் போகாது. பிடித்தது வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் (26ஏஎஸ்) ஏறியதா என்று ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் முதல் வாரங்களில் பாருங்கள். ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம் பானில் ஓர் எழுத்துப் பிழை.

பணம் இழுத்தடிக்கும் கிளையன்டுக்கு உத்யம் எண் நல்ல மருந்து. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்'டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்டால் கிளையன்ட் போய்விடுவார், அது வேறு விஷயம். பழைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவுதான் வேலை செய்கிறது: கெடு தாண்டியும் மார்ச் 31 வரை கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாக அவர் காட்ட முடியாது. முதலாளிக்குப் போன் போடாதீர்கள். மார்ச் முதல் வாரத்தில் அவருடைய ஆடிட்டருக்கு, உத்யம் சான்றிதழை இணைத்து, பில் எண்ணும் தேதியும் மட்டும் போட்டு ஒரு மெயில். ஐந்து மாதமாக நின்ற 54,000 அப்படித்தான் ஒன்பதாம் நாள் வந்தது. உத்யம் பதிவு, வேலை தொடங்குவதற்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். பின்தேதி என்றால் அதை வைத்தே தட்டிக்கழிப்பார்கள்.

விளம்பரக் கணக்கை இப்போது கடைக்காரர் பெயருக்கே மாற்றியாயிற்று. கூகுள் ஆட்ஸில் அவருடைய பத்து இலக்க வாடிக்கையாளர் எண்ணை வாங்கி, என் மேனேஜர் கணக்கிலிருந்து கோரிக்கை அனுப்பினால் அவர் ஏற்கும் ஒரு பொத்தான்தான். மெட்டாவில் பார்ட்னர் அனுமதி. பேமென்ட் பக்கத்தில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணை முதல் ரூபாய் போவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். பழைய பில்களுக்கு அது பின்னோக்கி வேலை செய்யாது.

இதில் ஒரே தொல்லை, ஆட்டோ டெபிட் 15,000க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி. கடைக்காரர் கல்லாவில் இருந்தால் போனைப் பார்க்க மாட்டார், விளம்பரம் நின்றுவிடும். அதனால் முன்பணம் போடும் முறைக்கு மாற்றி, திங்கள் காலை கடை திறந்ததும் அவரே யுபிஐயில் வாரத் தொகையைப் போடுகிறார். போன ஆடிக்கு முந்தின ஞாயிறு ராத்திரி பத்தரைக்குப் போன்: "தம்பி, காசு தீந்துருச்சாம், இந்த ஒருக்கா உங்க கார்டுல..." நாளைக்குக் காலையில போட்டுக்கலாங்க என்று வைத்துவிட்டேன்.