மந்தை இல்லாத மந்தை நாய்கள்

ஓசூரில் கால்நடை மருத்துவம் பார்ப்பவருக்கு ஒரே நாளில் இரண்டு உலகம் பார்க்கக் கிடைக்கும். காலையில் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சினை மாடு, மடிநோய், கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டி. சாயங்காலம் டவுன் கிளினிக்கில், அடுக்குமாடி வீடுகளிலிருந்து காரில் வந்து இறங்கும் நாய்கள். முன்பெல்லாம் பாமரேனியனும் லாப்ரடாரும்தான் அதிகம் வரும். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் எந்தக் குட்டி வேண்டுமானாலும் கிடைக்கிறது. இப்போது பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினாய்ஸ் என்று வரிசை மாறிவிட்டது. நாம் காலங்காலமாக அல்சேஷன் என்று கூப்பிடும் ஜெர்மன் ஷெப்பர்டும் இந்தக் கூட்டம்தான். எல்லாமே ஆடு மாடு மேய்க்கவென்று உருவாக்கப்பட்ட இனங்கள். இவற்றை வீட்டில் வளர்ப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் மருந்து கேட்டு என்னிடம் கூட்டி வரப்படும் இந்த நாய்களில் பலவற்றுக்கு நோயே இல்லை.

அடிக்கடி வரும் புகார், குதிகால் கடி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம் ஒன்று, ஒன்றரை வயது பார்டர் கோலியைக் கூட்டி வந்தது. "பசங்க ஓடினாலே போதும் டாக்டர், பின்னாடியே போய்க் குதிகாலைக் கவ்வுது. சாந்தமா இருக்க ஏதாவது மாத்திரை குடுங்க" என்றார் அம்மா. போனில் எடுத்த வீடியோவையும் காட்டினார். நாய் குலைக்கவில்லை, உறுமவில்லை. காரிடாரின் ஒரு கோடியில் தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது. கண் சைக்கிளை விட்டு அகலவில்லை. சைக்கிள் நகர்ந்ததும் நேராகப் பாயாமல், சுவரோரமாக அரைவட்டம் அடித்து முன்னால் போய் மறிக்கிறது. சின்னவன் இறங்கி ஓடுகிறான். பின்னால் வந்து ஒரு கவ்வு. பிள்ளைகள் இரண்டு பேரும் லிஃப்ட் பக்கத்து மூலையில் ஒண்டியதும், எதிரே வயிறு தரையில் பட அமர்ந்துகொள்கிறது. அவ்வளவு நிம்மதி அதன் முகத்தில்.

அந்த அம்மா பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த வீடியோவில் நான் பார்த்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தன் தொழிலைச் சுத்தமாகச் செய்து முடித்த ஒரு நாயை.

வேட்டையாடும் விலங்குக்கு ஒரு வரிசை உண்டு: இரையைக் கண்ணால் பிடிப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, தின்பது. மேய்ச்சல் நாய்களில் இந்த வரிசையின் முன்பாதியை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கூர்மையாக்கினான். பின்பாதியை மழுங்க வைத்தான். உற்றுப்பார், பதுங்கு, வளைத்து ஓடு, அத்தோடு நிறுத்து. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893இல் பிறந்த ஹெம்ப் என்ற நாய் இப்படிப் பார்வையாலேயே ஆட்டை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியில் அது இருக்கிறது. 1906இல் தொடங்கிய சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கமும் அழகைப் பார்க்காமல் வேலைத் திறமையைப் பார்த்தே நாய்களை வளர்த்து வந்தது. இத்தனை காலம் ஊறிய ஒன்றை ஓசூரின் மூன்றாவது மாடியில் ஒரு மாத்திரை அணைத்துவிடும் என்று நான் எப்படிச் சொல்வது?

கடி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. செல்லமாகக் கவ்வியதுதானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று யாரும் இருந்துவிடக் கூடாது. பல் பட்டுத் தோல் சிராய்ந்திருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்வேன். ரேபிஸ் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மாத்திரைக்குப் பதிலாக அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இவன் பகல் முழுக்க என்ன செய்கிறான்? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் ஒரு நடை, ராத்திரி ஒரு நடை, நடுவில் பால்கனி. பால்கனியிலிருந்து கீழே போகும் ஒவ்வொரு பைக்கையும் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே துரத்துகிறான். ஆற்றல் தீரட்டும் என்று அப்பா தினமும் மைதானத்தில் ஒரு மணி நேரம் பந்து எறியத் தொடங்கியிருந்தார். அதற்கப்புறம்தான் தொல்லை கூடியது என்றார். அது நடக்கக்கூடியதுதான். பந்து எறிவது துரத்தல் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது. நாய் களைப்பதில்லை, நாளுக்கு நாள் தேகக்கட்டு ஏறி, இன்னும் அதிக ஓட்டம் கேட்கிறது. ஆட்டுப்பண்ணையில் வேலை பார்க்கும் கோலி நாள் முழுக்க ஓடுவதில்லை. கொஞ்ச நேரம் ஓடும், நிறைய நேரம் காத்திருக்கும், மேய்ப்பவரின் சொல்லைக் கேட்கும், போதும் என்றால் வந்து படுக்கும். காத்திருக்கவும் நிறுத்தவும் கற்றுத்தராமல் ஓட்டத்தை மட்டும் கொடுத்தால் அது பாதி வேலை.

இதைவிட மோசம் லேசர் லைட். பிள்ளைகள் விளையாட்டாகச் சுவரில் சிவப்புப் புள்ளியை ஓடவிடுகிறார்கள். நாயும் சலிக்காமல் துரத்துகிறது. புள்ளி கையில் சிக்குவதே இல்லை, ஆகவே துரத்தல் முடிவதும் இல்லை. இப்படி வளர்ந்த ஒரு நாயை மேசைமேல் ஏற்றினேன். என் கைக்கடிகாரத்தில் பட்ட டியூப்லைட் வெளிச்சம் கூரையில் ஆடியது. அவ்வளவுதான், ஊசி குத்தியதுகூட அதற்குத் தெரியவில்லை. வீட்டில் மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் நிற்கிறதாம், சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் காய்கிறதாம். அந்த நாய்க்கு உண்மையிலேயே மருந்து தேவைப்பட்டது. மனப்பதற்றத்துக்கான மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து, பல மாதம் கழித்துக் கொஞ்சம் தேறியது. முழுக்க மாறும் என்று இன்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மேய்ச்சல் நாய் இருக்கும் வீட்டில் லேசர் லைட் இருக்கவே கூடாது.

அல்சேஷன் கதை வேறு. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புகளில் காவலுக்கு இதை வளர்ப்பவர்கள் நிறைய. மாக்ஸ் ஃபோன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899இல் இந்த இனத்துக்கு அடித்தளம் போட்டபோது, அதன் வேலை காவல் மட்டுமல்ல. ஜெர்மனியில் வேலியில்லாத வயல்களுக்கு நடுவே மந்தை மேயும். பயிரில் ஆடு வாய்வைக்காதபடி வயலின் ஓரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பதுதான் நாயின் வேலை. ஒரு தோப்பில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த நாயைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வலது முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கியிருந்தது. களிம்பு எழுதிக்கொடுக்கும் முன் சுற்றிப் பார்த்தேன். சங்கிலி எட்டும் எல்லையில், வேலிக்கு நேர்கோடாக, புல் பூண்டு ஒன்றுமில்லாமல் ஒரு தடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஆட்டையும் பயிரையும் கண்ணால்கூடப் பார்க்காத நாய், அந்த ஓர நடையைத் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. தோட்டக்காரரிடம் காலையும் மாலையும் அவிழ்த்துக் கயிற்றோடு தோப்பைச் சுற்றி வரும்படி சொன்னேன். "நாங்க சுத்தி வர்றப்போ கூடவே கூட்டிட்டுப் போறதுதானே சார், அது ஒண்ணும் கஷ்டமில்லை" என்றார். கூடவே கட்டும் மருந்தும் போட்டோம். புண் ஆறியது. சங்கிலி மட்டும் இன்னும் இருக்கிறது, எனக்கு அதில் வருத்தம்தான்.

சமாளிக்க முடியாத வீடுகளில் கடைசியில் எல்லோரும் சொல்லும் வழி ஒன்று: "கிராமத்துல, ஆடு மாடு இருக்கிற இடத்துல விட்டுடலாம் டாக்டர்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அஞ்செட்டி மலைப்பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ராத்திரி பட்டியைச் சுற்றிப் படுக்க அவரிடம் நாட்டுநாய்கள் உண்டு. களியும் மோரும் சாப்பிட்டு வளர்ந்தவை. சிறுத்தை வாடை வந்தால் எழுந்து குலைப்பது அவற்றின் வேலை. ஆட்டைத் துரத்துவது இல்லை. பகலில் அவர் தொரட்டியோடு முன்னே நடந்து வாயால் ஒரு சத்தம் கொடுத்தால், மந்தை தானே பின்னால் வருகிறது. ஒரு வீட்டார் தங்கள் கோலியை அவரிடம் கொண்டுபோய் விடலாமா என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "ஆட்டை ஓட்டுற நாயை வெச்சு நான் என்ன சார் பண்றது? சினை ஆட்டை விரட்டுச்சுன்னா குட்டி விழுந்துரும்." பழக்காத கோலி ஒன்று மந்தைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமலே சொல்லிவிட்டார். மலையடிவாரத்து வெல்ஷ் பண்ணையிலோ ஸ்காட்லாந்து எல்லையிலோ இருக்கும் அந்த வேலை, நம் மேய்ச்சல் முறையில் கிடையவே கிடையாது. கிராமத்துக்குப் போனாலும் அந்த நாய்க்கு வேலையில்லை, கயிறு மட்டும்தான். வேலை கொடுக்க வேண்டியவர் அதை வாங்கிய ஆள்தான்.

மருந்து விஷயத்திலும் இந்த நாய்கள் தனி ரகம். உண்ணி, சொறி என்றால் ஆட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசியையே நாய்க்கும் போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு கோளாறு இருக்கும். மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் பம்பு அவற்றுக்கு வேலை செய்யாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001இல் இதைக் கண்டுபிடித்தார்கள். நீண்ட முடி கோலியிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் இது அதிகம், பார்டர் கோலியில் குறைவு. இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுக்கும் சிறு அளவு பாதுகாப்பானது. சொறிக்குக் கொடுக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு. கோளாறு உள்ள நாய்க்கு அது போனால் கண்பாவை விரிந்து, வாயில் நீர் ஒழுகி, கால் தள்ளாடி, மயக்கத்தில் விழும். சில நாய்கள் எழுவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு வாங்கும் வயிற்றுப்போக்கு மாத்திரையான லோபரமைடும் இவற்றுக்கு ஆபத்து. கலப்பினக் குட்டி என்றாலும் மருத்துவரிடம் அம்மா அப்பா என்ன இனம் என்று சொல்லிவிடுங்கள்.

கோடையில் முடியை ஒட்ட மழிக்கச் சொல்லி வருவார்கள். நான் செய்வதில்லை. இரண்டடுக்கு முடி வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. உள்முடியைச் சீவி எடுத்தால் போதும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தப்பிக்கிறோம், காவேரிப்பட்டணம் பக்கம் இறங்கினால் பங்குனி, சித்திரையில் மத்தியான ஓட்டம் வேண்டவே வேண்டாம். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்த்துக்கொள்ள வேண்டும், இந்த இனங்களோ மயங்கி விழும்வரை ஓட்டத்தை நிறுத்தாது.

முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருகிறேன். பந்தைப் பாதியாகக் குறைத்தோம். காலைச் சாப்பாட்டைத் தட்டில் போடுவதை நிறுத்தி, தேங்காய்த்தொட்டி, அட்டைப்பெட்டி, பழைய துணிச்சுருள் என்று வீடெங்கும் ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேட வைத்தார்கள். பிள்ளைகள் ஓடும் நேரத்தில் நாய்க்குப் பாயில் படுக்கும் வேலை. படுத்தே இருந்தால் கூலியாக ஒரு துண்டுக் கோழி. இது பிடிபடத்தான் அதிக நாள் ஆனது. அதுவரை வீட்டுக்குள்ளும் கயிறு. பெரியவள் பொம்மைகளுக்குப் பெயர் வைத்துக் கொண்டுவரச் சொல்லிப் பழக்கினாள். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியலாளர் தன் சேஸர் என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்ததை அவளுக்குச் சொன்னேன். அதிலிருந்து அவளுக்கு வேகம் பிடித்துவிட்டது. பகலில் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போக ஓர் அக்காவை ஏற்பாடு செய்தார்கள். பால்கனிக் கதவு சாத்தப்பட்டது. குதிகால் கடி நின்றது. பைக்கைப் பார்த்தால் தலை இன்னும் தாழத்தான் செய்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறது. இத்தனைக்கும் அந்த வீட்டில் நான்கு பேரும் தங்கள் நாளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லா வீட்டாலும் இது முடியாது, முடியவில்லை என்பவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

எனக்கு ஆதங்கம் குட்டி விற்பவர்கள்மேல்தான். ராணுவ நாய் வீடியோவைக் காட்டி மாலினாய்ஸை ஒரு படுக்கையறை வீட்டுக்கு விற்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. அதற்கு முன்னமே குட்டி கைமாறி என் மேசைக்கு வருகிறது. அட்வான்ஸ் வாங்கும் முன், அந்த இனத்தின் வளர்ந்த நாய் ஒன்றோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள் என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே.

இப்போது அதை நானே சொல்கிறேன். கோலி வாங்கப்போகிறேன் என்று வருபவர்களை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன். காலையில் தேங்காய்த்தொட்டி ஒளிப்பதிலிருந்து ராத்திரி நடைவரை கூடவே இருந்து பார்க்கிறார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டார்கள். ஒருவர் பார்த்த பிறகும் வாங்கினார். அவர் வீட்டுக் குட்டி இதுவரை தடுப்பூசிக்கு மட்டும்தான் கிளினிக்குக்கு வந்திருக்கிறது.