தொப்பி மாற்றினால் நிலம் மாறுமா?

போயா விடுமுறை நாட்களில் கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறேழு பேர் கூடி மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை விளையாட்டை விளையாடுவது சில ஆண்டுகளாக எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு பெட்டி அட்டைகள் கொண்டு வருவார். மற்ற நாட்களில் பொடியள் கைபேசியிலேயே விளையாடிக்கொள்வார்கள். ஆனால் விறாந்தையில் விளையாடும் நேரத்தைவிட வாதிடும் நேரமே நீண்டு போகிறது, அந்த வாதமும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிவருகிறது: புதிதாக வரும் அட்டைத் தொகுதிகள் உண்மையிலேயே தனித்தனி உலகங்களா, அல்லது பழைய பாத்திரங்களுக்கு மாட்டிவிட்ட புதுத் தொப்பிகளா?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். றிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கி, விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட விளையாட்டு இது. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள். அவற்றுக்குச் சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என ஐந்து நிலங்கள். நிலத்திலிருந்து மனா என்னும் ஆற்றலைப் பெற்று, அதைச் செலவிட்டு உயிரினங்களையும் மந்திரங்களையும் இறக்கி, எதிராளியின் இருபது உயிர்ப்புள்ளிகளைத் தீர்க்க வேண்டும். பெரும்பாலான தொகுதிகள் ஒவ்வொன்றும் பிளேன் எனப்படும் ஓர் உலகத்தில் நிகழ்கின்றன. (மலை என்ற அட்டையை இறக்கும் எங்கள் பொடியளில் பாதிப்பேர் மலையைப் பாடசாலைச் சுற்றுலாவில், நுவரெலியாவில்தான் முதலில் கண்டவர்கள். வன்னியில் காடும் வயலும் கடலும் உண்டு, மலை இல்லை.)

தொப்பி என்ற குற்றச்சாட்டு வலுத்தது 2024இல்தான். அந்த ஆண்டு பெப்ரவரியில் வந்த தொகுதியில், பத்துக் குழுக்கள் ஆளும் ரவ்னிக்கா என்ற மாநகரம் துப்பறியும் கதைக்களமாக மாற, நெடுநாள் பழகிய பாத்திரங்கள் துப்பறிவாளர் உடையில் வந்து நின்றார்கள். ஏப்ரலில் வந்த தண்டர் ஜங்ஷன் தொகுதியில் அவர்களிற் பலர் அமெரிக்க மேற்குப் பாலைநிலத்துக் கொள்ளையரைப் போலத் தொப்பியணிந்து குதிரையேறினார்கள். இந்த உலகங்களுக்கென்று சொந்த உயிர் இல்லை, உடைகள் மட்டுமே உள்ளன என்று இரசிகர்கள் உலகெங்கும் குமுறினார்கள். எங்கள் விறாந்தையிலும் அதே குமுறல்தான். அதில் உண்மை இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் எந்த உலகத்தில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டுமே. அந்த அளவுகோல் உயர்தரத்தில் தமிழ் படித்த எல்லோருக்கும் ஏற்கனவே கையில் இருக்கிறது என்பதுதான் நான் பல மாதங்களாகப் பொடியளிடம் சொல்லிவருவது.

தொல்காப்பியம் திணையை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் என அந்த நிலத்தில் காணப்படுவன கருப்பொருள். அங்கே மனிதர் நடந்துகொள்ளும் முறை, புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும், உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தவை என்று உரைகாரர்கள் இந்த மூன்றுக்கும் தரவரிசையே சொல்லியிருக்கிறார்கள். அட்டை விளையாட்டில் ஓவியமும் பெயரும் கருப்பொருள். விதி, அதாவது அந்த உலகம் விளையாடுபவனை எப்படி நடந்துகொள்ள வைக்கிறது என்பது, உரிப்பொருள். தொப்பி என்பது உரிப்பொருள் இல்லாத கருப்பொருள். இவ்வளவுதான் என் வாதம்.

இதற்கு நல்ல சான்று 2011இல் வந்த இனிஸ்ட்ராட். பேய்க்கதைகளின் அச்சத்தையே முதலாக வைத்துக் கட்டிய உலகம் அது. அதில் ஒரு சிறுமியின் அட்டை உண்டு. ஒரேயொரு சிவப்பு மனாவுக்கு இறங்குவாள். பலம் ஒன்று, தாங்குதிறன் ஒன்று. முந்தைய முறையில், அதாவது ஒருவர் ஆடும் சுற்றில், யாரும் ஒரு மந்திரமும் போடாமல் விட்டிருந்தால் அட்டையைப் புரட்ட வேண்டும். பின்பக்கத்தில் அவள் பலம் மூன்றுள்ள ஓநாயாக நிற்பாள். யாரேனும் ஒருவர் ஒரே முறையில் இரண்டு மந்திரங்கள் போட்டால்தான் மீண்டும் சிறுமியாவாள். சென்ற வைகாசி விடுமுறையில் நான் அவளை இறக்கினேன். எதிரே ஒட்டுசுட்டான் பக்கத்துப் பொடியன். அவனுடையது நீல அட்டைகளின் கட்டு; கையில் தடுப்பு மந்திரத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு, நிலத்தை மட்டும் இறக்கிவிட்டு, நல்ல நேரத்துக்காகக் காத்திருப்பதுதான் அந்தக் கட்டின் இயல்பு. அன்று அவனால் காத்திருக்க முடியவில்லை. ஒருமுறை சும்மா இருந்தான், அட்டை புரண்டது. அடுத்த முறை தேவையே இல்லாத ஒரு மந்திரத்தை, ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்பதைப் போல, மேசையில் வைத்தான். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணா, இது எங்கட காவல் கொட்டில் மாதிரி. சத்தம் நிண்டால்தான் யானை வயலுக்க இறங்கும்."

அவன் யானையை நினைத்தது ஓவியத்தால் அல்ல. அந்த ஓவியத்தில் இருப்பது அவன் ஒருபோதும் காணாத குளிர்நாட்டுக் கிராமம். அமைதியாக இருந்தால் ஆபத்து வரும் என்ற விதிதான் அவனைக் கதிர் முற்றிய வயலில் பந்தம் கொளுத்தி, தகரம் தட்டிய இரவுக்குக் கொண்டுபோனது. உரிப்பொருள் சரியாக அமைந்துவிட்டால் கருப்பொருள் அந்நியமாக இருப்பது ஒரு தடையே அல்ல.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2004இல் வந்த கமிகாவா, ஜப்பானியத் தெய்வ நம்பிக்கைகளையும் பழங்கதைகளையும் தேடியெடுத்துக் கட்டிய உலகம். கருப்பொருளில் அதற்குக் குறைவே இல்லை. ஆயினும் வெளிவந்த காலத்தில் அது வரவேற்பைப் பெறவில்லை. அதன் விதிகள் பல அதே தொகுதியின் மற்ற அட்டைகளோடு மட்டுமே கைகோத்தன. வேறு தொகுதிகளின் கட்டுகளில் சேர்த்தால் அவை ஊமையாகிவிட்டன. வேலியடைத்த வளவு போல அந்த உலகம் தனக்குள்ளேயே இருந்துவிட்டது. 2022இல் அதே கமிகாவாவை எதிர்கால நகரமாக்கி, பழைய தெய்வங்களையும் புதிய இயந்திரங்களையும் மோதவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தபோது, இரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். ரவ்னிக்கா பிறந்த விதமோ இதற்குத் தலைகீழானது. 2005இல் ஐந்து நிறங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்துச் சோடிகள் வரும் என்ற வெறும் கணக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சோடிக்கும் ஒரு குழு என்று நகரத்தைக் கட்டினார்கள். உரியிலிருந்து கருவுக்குப் போன அந்த நகரத்துக்குத்தான் விளையாட்டு மீண்டும் மீண்டும் திரும்பிப் போகிறது. ஆகவே உலகத்தை முதலில் வைத்து விதியைத் தேடுவதா, விதியை முதலில் வைத்து உலகத்தைத் தேடுவதா என்ற நெடுநாள் வாதத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதையே நான் பார்க்கிறேன்.

எங்களிடையே அதிகம் சூடேறிய வாதம் 2016இல் வந்த கலாதேஷ் பற்றியது. இந்தியச் சாயலில், கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த உலகம் அது. சேலை போன்ற உடைகளையும் பித்தளை வேலைப்பாடுகளையும் கண்டு எங்கள் பொடியள் மகிழ்ந்தது உண்மை. பெயரும் எங்கள் காதில் கலைதேசம் என்றே விழுந்தது. இந்தியில் காலா என்றால் கறுப்பு; அங்கே அதே பெயர் வேறு பொருள் தரும். இப்போது அந்த உலகம் அவிஷ்கார் என்று பெயர் மாறி, 2025இன் தொகுதியில் திரும்ப வந்திருக்கிறது. பெயரை மாற்றியது சரி என்றே நான் நினைக்கிறேன்; ஒரு மக்களின் சாயலைக் கடன் வாங்குபவர் அவர்களின் மொழியில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று கேட்டறிவது குறைந்தபட்ச மரியாதை. ஆனால் என் மருமகன் கேட்டது வேறு: "மாமா, இதில எங்கட ஆக்கள் எங்க?" வடக்கத்தி உடையையும் பெயரையும் கண்டு, அதிலே தன் முகத்தைத் தேடிக் காணாதவனின் கேள்வி அது. அவனுக்கு நான் வாகன அட்டைகளைக் காட்டினேன். அந்தத் தொகுதியில்தான் வாகனங்கள் முதன்முதலாக வந்தன. உயிரினங்கள் தம் வேலையை விட்டு ஏறினாலன்றி அவை அசையாது. இரண்டு ஆட்டம் முடிவதற்குள் அந்த வாகனங்களுக்கு அவன் வைத்த பெயர் லான்ட்மாஸ்டர், எங்கள் வயல்களில் ஓடும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெயர். ஓட்ட ஆள் ஏறினால் வயலில் ஓர் ஆள் குறையும் என்ற கணக்கு அவன் வீட்டில் தினமும் போடப்படும் கணக்கு.

இரவல் உலகங்களைப் பற்றியும் ஒரு சொல். 2020 முதல் வேறு கதைகளின் பாத்திரங்களைக் கொண்டுவந்து, 2025 முதல் அவற்றைப் பிரதான போட்டி முறையிலும் அனுமதித்ததைப் பலர் துரோகமாகப் பார்க்கிறார்கள். 1993 டிசம்பரில் வந்த முதலாவது விரிவாக்கத் தொகுதியே ஆயிரத்தொரு இரவுக் கதைகளிலிருந்து இரவல் வாங்கியதுதான். இரவல் குற்றமல்ல, இரவல் வாங்கிய பிறகு விதியில் உழைக்காமல் விடுவதே குற்றம்.

இப்படியெல்லாம் பேசிய பிறகு, எங்கள் நிலத்துக்கு நாங்களே அட்டைகள் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பிறிஸ்டல் மட்டையை வெட்டி நாற்பது அட்டைகள் செய்தோம். பண்டாரவன்னியன், உப்புநீரில் எரியும் வற்றாப்பளைக் கண்ணகையம்மன் விளக்கு, பாலைப்பழம், காட்டுத்தேன், முதலை, யானை எல்லாம் வந்தன. என் மருமகன் வரைந்த யானை மிக அழகாக இருந்தது. விளையாடிப் பார்த்தோம். அது வன்னியாக இல்லை. வேறு எந்தத் தொகுதியை விளையாடினாலும் வரும் அதே ஆட்டம்தான் வந்தது. அன்று எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனெனில் மற்றவர்களைக் குறை சொன்ன நாங்களே தொப்பி தைத்திருந்தோம்.

மாற்றியது குளம். இரணைமடுக் குளத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து, கூட்டம் போட்டு, இத்தனை ஏக்கருக்குத்தான் இம்முறை சிறுபோகம் என்று முடிவெடுப்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே மனாவை ஒவ்வொருவரும் தத்தம் நிலத்திலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, இருவருக்கும் நடுவே முப்பது புளியங்கொட்டைகளைக் குவித்தோம். அதுதான் குளம். யார் எவ்வளவு எடுத்தாலும் இருவருக்கும் வற்றும். இரண்டாவது ஆட்டத்திலேயே அட்டைகளைப் பார்ப்பதை விட்டு எதிராளியின் கையையே பார்க்கத் தொடங்கினோம். பெரிய யானையை இறக்கக்கூடிய நிலையில் இருந்தும், அடுத்த போகத்துக்கு நீர் வேண்டுமே என்று ஒருவன் இறக்காமல் விட்டான். அட்டையில் யானையை எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அந்தத் தயக்கத்தை வரைந்திருக்க முடியாது.

பிறகு மழை அட்டை வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைபோல ஆட்டத்தின் நடுவே பத்துக் கொட்டைகளைக் குளத்தில் சேர்ப்பது. நாற்பதைத் தாண்டினால் மேற்புறத்தில் இருப்பவன் வான்கதவைத் திறக்கலாம், திறந்தால் கீழ்ப்புறத்தில் இருப்பவனின் இரண்டு வயல்கள் அழியும். இரணைமடுவுக்குக் கீழ்ப்புறமுள்ள முரசுமோட்டையிலிருந்து வரும் தம்பி இந்த விதியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வயல் அழியும் என்பதை எடுக்கச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் கேட்டது அதுவல்ல: "திறக்கிறதுக்கு ஒரு முறை முந்தியே சொல்லோணும் அண்ணா. சொன்னால் நான் நெல்லை ஏத்தி வைப்பன்."

அந்த விதியை அட்டையின் கீழே பென்சிலால் எழுதினோம். ஒரு முறை போதுமா, இரண்டு முறை முன்னதாகச் சொல்ல வேண்டுமா என்பதை வருகிற போயா நாளில் விளையாடிப் பார்க்க இருக்கிறோம்.