விபத்து நடந்த இரவில் எழுதப்பட்ட ஒரு வரி

சித்தப்பாவின் முழங்கால் உடைந்தது கார் மோதித்தான். ஆனால் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் இருந்தது வேறு: ‘இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது.’ விரகனூர் ரவுண்டானா தாண்டி, சிலைமான் போகும் வழியில் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றிச் சென்ற காய்கறி வியாபாரி சொல்லி எழுதியது அது. கார் என்று வாயைத் திறந்தால் சாட்சிக்கு அலைய வேண்டிவரும் என்ற பயம். உதவியவர் பெயர், விலாசம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதி. சட்டம் படித்துவிட்டா ஒருவர் ரத்தம் வழிகிறவரைத் தூக்குகிறார்?

காரின் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒரு வரியைக் கடைசிவரை விடவில்லை. “தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் இழப்பீடு தர வேண்டும்?”

மதுரையில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்ததால் எங்கள் வக்கீல் எங்களை விரட்டிக்கொண்டே இருந்தார். முதல் தகவல் அறிக்கை, சம்பவ இட வரைபடம் எல்லாம் இருந்தன. வழக்கைத் திருப்பியது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கைதான். காரின் இடப்பக்க முன் பம்பர் நசுங்கல். சித்தப்பா வண்டியின் வலப்பக்கக் கால்மிதி மடங்கல். முந்த வந்த கார் உரசாமல் இப்படி ஆகாது. வியாபாரியும் பிறகு தாமாகவே கூண்டேறி உண்மையைச் சொன்னார். அந்த மனிதருக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

அடுத்த தலைவலி வருமானம். கொத்தனாருக்கு ஏது சம்பளச் சீட்டு? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையையும் மேஸ்திரியின் சாட்சியத்தையும் வைத்தோம். மருத்துவ வாரியம் கொடுத்த ஊனச் சதவீதம் காலுக்கானது. பிழைப்பில் போனது அதைவிட அதிகம். “சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கு எந்த வேலை மிச்சம், ஐயா?” என்று எங்கள் வக்கீல் கேட்டது நீதிபதிக்கு உறைத்திருக்க வேண்டும். வருமான இழப்பைக் கூட்டியே கணக்கிட்டார். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, 48 வயதுக்கு ஓர் ஆண்டின் வருமான இழப்பை 13-ஆல் பெருக்கினார்கள். அசல் ரசீது இருந்த மருந்துச் செலவு முழுதும் கிடைத்தது. ரசீது தொலைந்தது போனதுதான்.

மேல்முறையீடு போவோம் என்று நிறுவனம் மிரட்டிப் பார்த்தது. ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்கு யாரும் போகவில்லை. வட்டியோடு பணத்தைக் கட்டிவிட்டார்கள்.