லொத்தர் காசு எந்தத் தெருவுக்கு வரும்?

2006 மார்ச்சில் லண்டனுக்கு வந்தேன். மூன்றாவது வாரமே ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் வேலைக்கு நின்றுவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் லொத்தர் இயந்திரம். அதன் மேல் ஒரு கையின் படம்: இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்று பின்னி, அந்தக் கைக்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்திருந்தார்கள். அதிர்ஷ்டம் வரவேண்டும் என்று வெள்ளைக்காரர் விரலை அப்படிப் பின்னுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த நாளில் ஒரு சீட்டு ஒரு பவுண். புதனும் சனியும் சீட்டிழுப்பு. சனிக்கிழமை பின்னேரம் வரிசை வாசல்வரை நிற்கும். ஓய்வுபெற்ற கிழவர்கள், துப்புரவு வேலை முடிந்து சீருடையோடு வரும் பெண்கள், பஸ் சாரதிகள். பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதிகளையே கிழமை தவறாமல் போடும் ஒரு ஜமேக்கா அம்மா இருந்தார். காசை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, சீட்டை மடித்துத் தன் பைபிளுக்குள் வைப்பார்.

ஒரு பவுணில் என்ன எங்கே போகிறது என்று முதலாளி ஒருநாள் கணக்குச் சொன்னார். 50 பென்ஸ் பரிசுக்கு. 12 பென்ஸ் அரசாங்க வரி. 5 பென்ஸ் கடைக்காரருக்கு, 5 பென்ஸ் நடத்தும் கம்பெனிக்கு. மிச்சம் 28 பென்ஸ் நற்பணிகளுக்கு. லொத்தர் தொடங்கிய 1994ஆம் ஆண்டுக் காலத்துக் கணக்கு அது. பிறகு விகிதங்கள் மாறின. சுரண்டல் சீட்டுகளில் நற்பணிக்குப் போவது அதைவிடக் குறைவு. ஆனால் என் மனதில் தங்கியது அந்த 28 பென்ஸ்தான். இந்த அம்மா தந்த 28 பென்ஸ் எங்கே போகிறது? இந்தத் தெருவுக்குத் திரும்பி வருகிறதா?

ஊரிலும் லொத்தர் இருந்தது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சீட்டு விற்பார்கள். அதை வாங்குகிறவனை அப்பா மதிக்கமாட்டார். ஆனால் எங்கள் பெரியக்கா பல்கலைக்கழகத்தில் படித்தது மகாபொல புலமைப்பரிசிலில். அந்த நிதியத்துக்குக் காசு வருகிற வழிகளில் லொத்தரும் ஒன்று என்பதை நான் தெரிந்துகொண்டது லண்டனுக்கு வந்தபிறகுதான். அந்த ஏற்பாடு விளங்குவது சுலபம்: இன்ன தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் இன்ன தொகை. இங்கே அப்படி இல்லை.

இங்கே துறை வாரியாகப் பங்கு வகுத்திருக்கிறார்கள். சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், தொண்டு எல்லாம் சேர்ந்து 40 சதவீதம். விளையாட்டுக்கு 20, கலைக்கு 20, மரபுரிமைக்கு 20. ஒவ்வொன்றையும் பகிர்ந்து கொடுக்கத் தனித்தனி அமைப்புகள் உண்டு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கும் தனிப் பங்கு. அதற்குக் கீழே, எந்த நகரத்துக்கு எவ்வளவு, எந்தப் பேட்டைக்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சங்கக்கடையில் கூப்பன் காட்டி அரிசி வாங்குவதுபோல, ஆளுக்கு இவ்வளவு என்று இந்தக் காசு வராது. விண்ணப்பம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போகும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்திலிருந்துதான் விண்ணப்பமும் வரும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

2014இல் வந்த ஓர் ஆய்வறிக்கை கலைக்கான லொத்தர் பணத்தை இடவாரியாகக் கணக்குப் பார்த்தது. வடக்கே டர்ஹம் கவுண்டி, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன பகுதி. 1995 முதல் அந்தச் சனம் சீட்டு வாங்கியதால் கலை நிதிக்குச் சேர்ந்தது சுமார் 34 மில்லியன் பவுண், அவர்களுக்குத் திரும்பி வந்தது 12 மில்லியன். லண்டன் நடுவே வெஸ்ட்மின்ஸ்டர் கொடுத்தது 14.5 மில்லியன், பெற்றது 408 மில்லியன். கொவென்ட் கார்டனில் இருக்கும் றோயல் ஒப்பரா ஹவுஸ் வெஸ்ட்மின்ஸ்டர் எல்லைக்குள்தான் வருகிறது. அதன் புனரமைப்புக்கு மட்டும் 78.5 மில்லியன் போனது.

சரி, வெஸ்ட்மின்ஸ்டர் என்று பதிவான காசெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்குப் போனது என்று சொல்லிவிட முடியாது. நாடு முழுக்க வேலை செய்யும் அமைப்புகளின் தலைமையகம் அங்கே இருக்கும். கணக்கு அந்த முகவரியில் விழும், செலவு வேறெங்கோ நடக்கும். நாட்டின் பெரிய அரங்குகள் எங்கேயாவது ஓர் இடத்தில் இருக்கத்தானே வேண்டும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் டர்ஹம் கணக்கு என்னை உறுத்துகிறது. சுரங்கம் மூடிய ஊரில் சீட்டு வாங்குகிறவர் லண்டன் ஒப்பரா பார்க்க ரயிலேறுவாரா?

எங்கள் பகுதிக்கே இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் இருப்பது நியூஹாம் உள்ளூராட்சிப் பகுதியில், ஸ்ட்ராட்ஃபோர்டும் அதில்தான். 2012 ஒலிம்பிக்குக்கு லொத்தரிலிருந்து 2.175 பில்லியன் பவுண் ஒதுக்கினார்கள். அதில் 675 மில்லியன், 2007இல் செலவு எகிறியபோது மேலதிகமாக எடுத்தது. அதனால் மற்ற நற்பணிகளுக்குப் போகவேண்டியது குறைந்தது. மைதானம் எழும்புவதை 25ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் 2019இல் தேசிய லொத்தர் மரபுரிமை நிதியம், இதுவரை தன் பணம் போதிய அளவு போய்ச் சேராத 13 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, இனி இங்கே தனிக் கவனம் என்று அறிவித்தது. லூட்டன், கோர்பி, நோஸ்லி, வேல்ஸில் றொண்டா கைனன் டாஃப். லண்டனில் என்ஃபீல்டும் பிரென்ற்றும் நியூஹாமும்.

பிரென்ற், நியூஹாம். வெம்பிளி, அல்பேர்ட்டன் பக்கத்துத் தமிழரும் ஈஸ்ட் ஹாம், மனர் பார்க் பக்கத்துத் தமிழரும் அந்தப் பட்டியலைப் பார்த்தால் தங்கள் கோயில்களையும் கடைத்தெருக்களையும் நினைப்பார்கள். ஒலிம்பிக் மைதானமே எங்கள் எல்லைக்குள் எழும்பியிருக்கிறது. ஆனாலும் எங்கள் சனத்தின் கதைகளைச் சேர்த்து வைக்க அதிகம் பேர் விண்ணப்பம் போடவில்லை, போட்டவர்களுக்கும் போதிய அளவு கிடைக்கவில்லை.

நான் இதற்குள் இறங்கியது அம்மாவால். 2014இல் அம்மாவை லண்டனுக்குக் கூப்பிட்டேன். பகல் முழுக்க வீட்டில் தனியே. யன்னலுக்கு வெளியே யாராவது தமிழ் கதைத்துக்கொண்டு போனால் எட்டிப் பார்ப்பா. அப்படிப்பட்ட பன்னிரண்டு அம்மாமாரைச் சேர்த்து, ஒரு தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினோம். கதிரையில் இருந்தபடி உடற்பயிற்சி, தையல், தேவாரம், பிறகு தேநீர். மண்டப வாடகையைப் பிள்ளைகள் நாங்கள் பிரித்துக் கட்டினோம். ஊரில் சனசமூக நிலையத்துக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்த்து ஓடு போட்ட மாதிரி. ஆனால் வாடகை ஏறியது, அம்மாமாரும் முப்பது பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள்.

2018இல் முதல் விண்ணப்பம், ஒரு நிதி அமைப்புக்கு. “பிரித்தானியாவில் வாழும் தமிழ் முதியோர் அனைவருக்கும்” என்று பெருமையாக எழுதினோம். மூன்று மாதம் கழித்து மறுப்புக் கடிதம். உள்ளூர் தொண்டர் நிலையத்தில் வேலை செய்த ஒரு பெண்மணியிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடிதத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு எங்கள் விண்ணப்பத்தை வாசித்தார். பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார்.

முதல் வட்டம், “அனைவருக்கும்” என்ற சொல்லைச் சுற்றி. எந்தத் தெரு, எந்தத் தபால் குறியீடு, எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸில் என்று எழுதச் சொன்னார். இங்கிலாந்தை ஏறத்தாழ 1,500 பேர் வாழும் சின்னச் சின்னத் துண்டுகளாக, அன்றைக்கு 32,844 துண்டுகளாகப் பிரித்து, வறுமை, வேலை, உடல்நலம், வீட்டு வசதி என்று பார்த்து வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் உங்கள் துண்டு எத்தனையாவது என்று தெரியும். நிதி கொடுப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள், நீங்களும் பார்த்து விண்ணப்பத்தில் எழுதுங்கள் என்றார். எங்கள் துண்டின் வரிசை எண்ணை அன்றிரவு பார்த்தேன். எட்டுப் பேர் மூன்று அறையில் இருந்த என் முதல் வீட்டுக்கும் அங்கே ஓர் எண் இருக்கிறது என்பது விசித்திரமாக இருந்தது.

இரண்டாவது வட்டம் வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இரண்டு பேரின் பெயர்களில். தலைவர் என் மச்சான், பொருளாளர் மச்சானின் சகலன். காசைக் கையாளும் இரண்டு பேரும் உறவாக இருக்கக்கூடாது, திருமண வழி உறவும் கூடாது, ஒரே முகவரியிலும் இருக்கக்கூடாது. அவருக்கு இது சின்ன விஷயம். எங்களுக்கு அப்படி இல்லை. எங்கள் குழுவில் ஒன்பது பேர், ஒரே ஊர். யாரை எடுத்தாலும் யாருக்கோ மாமன், யாருக்கோ பெறாமகள். ஊரில் சொந்தம்தான் நம்பிக்கை, இங்கே பொதுக் காசுக்குச் சொந்தம் இல்லாததுதான் நம்பிக்கை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மச்சானிடம் போய் விலகச் சொல்லிக் கதைத்த இரவு சுலபமாக இருக்கவில்லை. கடைசியில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு ஆசிரியை அக்கா பொருளாளர் ஆனார். இன்றைக்கும் அவரைப்போல் கணக்கு எழுதுகிறவரை நான் காணவில்லை.

2019 தொடக்கத்தில் தேசிய லொத்தர் சமூக நிதியத்தின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் திட்டத்துக்குப் போட்டோம். சின்னக் குழுக்களுக்கு அதுதான் வாசல். 300 பவுணிலிருந்து அன்றைக்கு 10,000 வரை, இப்போது இங்கிலாந்தில் 20,000 வரை. முடிவுத் தேதி கிடையாது, எப்போதும் போடலாம். எழுதி வைத்த அமைப்பு விதிகள், ஒரு குழு, அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் போதும்.

போடுவதற்கு முந்தின புதன், கூட்டத்தில் ஒரு பெரியம்மா எழும்பினார். “தம்பி, இது சூதுக் காசெல்லோ? தருமர் நாட்டைத் தோற்றது இதிலைதானே. இதிலை நாங்கள் தேவாரம் பாடலாமோ?” மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்வியை இன்றும் மதிக்கிறேன். சமயக் காரணத்தால் லொத்தர் பணத்தைத் தொடாத அமைப்புகள் இந்த நாட்டிலும் உண்டு. நான் பெரியக்காவின் மகாபொல கதையைச் சொன்னேன். அந்த ஜமேக்கா அம்மாவைப் பற்றியும் சொன்னேன். இந்தத் தெருவில் வாங்கிய சீட்டின் காசு இது, நாங்கள் கேட்காவிட்டால் வேறெங்கோ போகும், திரும்பி அந்த அம்மாவுக்குப் போகாது. பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப அந்த மனுசியையும் புதன்கிழமை வரச் சொல்லு.” நான் அந்தக் கடையை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. தேடிப் போனேன், அவர் வீடு மாறிப் போய்விட்டார்.

ஏப்ரலில் சம்மதக் கடிதம் வந்தது. ஒரு வருட வாடகை, பயிற்சி ஆசிரியைக்குச் சம்பளம், ஆகஸ்டில் சவுத்எண்டுக்கு ஒரு பயணம். நாங்கள் போன நேரம் வற்று. தேம்ஸ் வாயில் கடல் வெகுதூரம் பின்வாங்கிச் சேறு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. “கடல் எங்கை?” என்று பருத்தித்துறை அம்மா ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னேரம் தண்ணீர் ஏறி வந்தபோது சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முப்பது வருடத்துக்குப் பிறகு கடலில் கால் வைக்கிறேன் என்றார்.

இந்தச் சமனின்மை ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. லொத்தர் பணம் குறைவாகப் போன பேட்டைகளுக்கென்றே 2003இல் 50 மில்லியன் பவுண் ஒதுக்கினார்கள், ஃபெயர் ஷெயர் டிரஸ்ட் என்று பெயர். அதற்குப் பிறகு வந்த பிக் லோக்கல் திட்டம்தான் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தில் 150 இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடத்துக்குக் குறைந்தது ஒரு மில்லியன் பவுண். விண்ணப்பப் போட்டியில் ஜெயித்துக் காட்டு என்று கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆறுதலாகச் செலவழிக்கலாம், முடிவெடுக்கும் குழுவில் பாதிக்கு மேல் அங்கேயே குடியிருப்பவர்களாக இருக்கவேண்டும். லண்டனில் வால்தம்ஸ்டோவின் வில்லியம் மோரிஸ் பகுதியும் வுட் கிரீனின் நோயல் பார்க்கும் அதில் இருந்தன. பிரிஸ்டலில் லாரன்ஸ் வெஸ்டன் என்ற குடியிருப்பும் அவற்றில் ஒன்று. அங்குள்ளவர்கள் பிறகு தங்கள் சமூகத்துக்கே சொந்தமாக ஒரு பெரிய காற்றாலை எழுப்பினார்கள். காசைக் கொடுத்து, காலத்தையும் கொடுத்தால் சனம் தானே எழுதப் படிக்கும், கணக்கு வைக்கும், சண்டை பிடித்துச் சமாதானமாகும். விண்ணப்பம் எழுதும் திறமையை வைத்துத் தேவையை அளக்காத ஏற்பாடு இன்னும் நிறைய வேண்டும்.

அதுவரை எழுதத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. கொடுத்த ஒவ்வொரு லொத்தர் மானியத்தையும் அரசாங்கம் பொதுவில் பட்டியலிட்டிருக்கிறது, உள்ளூராட்சிப் பகுதி வாரியாகத் தேடலாம். உங்கள் பகுதியைப் போட்டுப் பாருங்கள், யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று தெரியும். எனக்கு அது விண்ணப்பம் எழுதப் பாடப் புத்தகமாக இருந்தது.

போன மாதம் அல்பேர்ட்டனிலிருந்து ஒரு தம்பியும் ஒரு அக்காவும் வந்தார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பினோம். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றா. நான் வாயைத் திறக்கமுன் அவவே கேட்டா:

“நீங்கள் ரெண்டுபேரும் சொந்தமோ?”

“இல்லை அம்மா.”

“அப்ப சரி. இருங்கோ, எழுதலாம்.”