ஞாயிறு பகல் 12 மணி

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிறு மதியம் மூன்று மணிப் பொழுதுபோக்கை என்னிடம் ஒப்படைத்தார்கள். அங்கே பெரும்பாலும் தொண்ணூறை ஒட்டியவர்கள். அவர்கள் இளவயதில் கேட்ட பிபிசி நிகழ்ச்சிகளைத் தேடி எடுத்தேன். டோனி ஹான்காக்கின் நகைச்சுவை, பீட்டர் செல்லர்ஸும் ஸ்பைக் மில்லிகனும் சேர்ந்து அடித்த கூத்து எல்லாவற்றையும் கூடத்தில் போட்டேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். காது கேட்கவில்லை போல என்று சத்தத்தைக் கூட்டினேன். ஒருவர் எழுந்து அறைக்கே போய்விட்டார்.

வழி காட்டியது ஒரு பாட்டி. (அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வாயில் வர ஆறு மாதம் ஆனது.) ஒரு ஞாயிறு, சமையலறையிலிருந்து இறைச்சி வேகும் வாசனை வந்ததும், “இந்நேரம் பில்லி காட்டன் கத்தியிருப்பாரே” என்றார்.

அப்புறம் உட்கார்ந்து கேட்டேன். ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1945 ஜூலை 29 அன்று பிபிசி தொடங்கிய அலைவரிசை லைட் புரோகிராம். ஞாயிறு பகல் 12 மணிக்கு அதில் ‘ஃபேமிலி ஃபேவரிட்ஸ்’ வரும். நம் நேயர் விருப்பம் மாதிரிதான். ஆனால் ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஊரிலிருந்த வீட்டாரும் ஒருவருக்கொருவர் பாட்டு கேட்பார்கள். தொகுத்து வழங்கியவர்கள் லண்டனில் ஜீன் மெட்காஃப், ஹாம்பர்க்கில் கிளிஃப் மிஷல்மோர். குரலிலேயே பழகிய அந்த இருவரும் 1950-இல் திருமணம் செய்துகொண்டார்கள். ஃபேமிலி ஃபேவரிட்ஸுக்குப் பிறகு 1:30-க்கு பில்லி காட்டன் இசைக்குழு, “வேக்கி வேக்கி!” என்ற அவருடைய கூவலோடு.

பாட்டியின் அண்ணன் அப்போது ஜெர்மனியில் ராணுவத்தில் இருந்தாராம். பெயர் வாசிக்கும்போது தட்டுச் சத்தம்கூட வரக் கூடாது என்பாராம் அம்மா. இறைச்சிக்கு 1954 ஜூலை வரை ரேஷன். கிடைத்த பங்கைச் சேர்த்துவைத்து ஞாயிறு மட்டும்தான் சமைப்பார்களாம். அண்ணன் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. “ஆனாலும் அடுத்த வாரம் வரும் என்றுதான் உட்கார்ந்திருப்போம்” என்றார்.

நான் நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துவந்து, அவை இருந்த நேரத்தை விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வாசனையும் அடுப்பும் சுற்றி உட்கார்ந்த ஆட்களும் இல்லாமல், மூன்று மணிக்கு நாற்காலியில் உட்காரவைத்துக் கேளுங்கள் என்றால் எப்படி? மேலாளரிடம் பேசி வானொலியைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினேன். 12 மணிக்கு ஃபேமிலி ஃபேவரிட்ஸின் முகப்பு இசை, பிறகு அந்தக் காலப் பாட்டுகள், 1:30-க்கு காட்டன். முதல் வாரமே, சில மாதங்களாகப் பேச்சே இல்லாத ஒரு தாத்தா, கையில் கரண்டியோடு “வேக்கி வேக்கி!” என்றார். ஊட்டிக்கொண்டிருந்த பெண் அழுதுவிட்டாள்.

அதிலிருந்து நான் நேரம் தவறியதில்லை. முகப்பு இசை தொடங்கியதும் பாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். “ஜெர்மனியில் இப்போது மணி ஒன்று” என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டில் கரண்டியை மெதுவாக வைப்பார்கள்.