தள்ளுபடி உண்டு, தாளில் இல்லை

"முன்னாலயே கட்டி முடிச்சிட்டா எவ்வளவு தள்ளுவீங்க தம்பி?" என்று அந்த அண்ணன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை சரி. "வழக்கமா பேங்க் குறைச்சுக்கும்ணே. ஆனா எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல எழுத மாட்டாங்க." இதில் எந்தச் சொல்லையாவது மாற்று என்றால் இன்றைக்கும் எனக்கு மாற்றத் தெரியாது. அவர் "நீ சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதற்காகப் போட்டார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இது 2011-க்கு முன்னால் நடந்தது. மலேசியாவில் கிள்ளான் பக்கம் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் சின்னத் தொழிற்சாலை அவருடையது, புதுக் கட்டடத்துக்கு எங்கள் இஸ்லாமிய வங்கியில் இஸ்திஸ்னா எடுத்தார். இஸ்திஸ்னாவில் வங்கி கடன் கொடுப்பதாகவே கணக்கில்லை. கட்டடத்தைக் கட்டித் தருகிறேன், விலை இவ்வளவு, தவணையில் கொடு என்று வங்கி வாடிக்கையாளரோடு ஓர் ஒப்பந்தம் போடும், அதே வேலைக்குக் கட்டடக் குத்தகையாளரோடு இன்னொன்று போடும். கட்டடக் கலைஞர் சான்றிதழ் கொடுக்கக் கொடுக்க அஸ்திவாரம், தூண், கூரை என்று குத்தகையாளருக்குப் பணம் கட்டம் கட்டமாகப் போகும். வாடிக்கையாளர் தர வேண்டிய மொத்த விலை மட்டும் முதல் நாளே முடிவாகிவிடும்.

ஆளை அடையாளம் காட்டாதபடி எண்களை மாற்றிச் சொல்கிறேன். கட்டடச் செலவு 10 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), விற்ற விலை 16 லட்சம், 10 வருடத் தவணை. மூன்று வருடத் தவணை முடிந்த பிறகு, ஊரில் ஏதோ நிலம் விற்று வந்த பணத்தோடு மொத்தமாக முடித்துக்கொள்கிறேன் என்று வந்தார். கையில் ஒரு நாள்காட்டித் தாள், அதன் பின்பக்கம் பென்சிலில் கணக்கு. லாபம் 6 லட்சம், வருடத்துக்கு 60 ஆயிரம், மிச்சம் ஏழு வருடம், ஆக 4 லட்சத்து 20 ஆயிரம் குறைய வேண்டும். கணக்கில் பிசகே இல்லை, ஆனால் வங்கி லாபத்தை அப்படிச் சமமாகப் பிரிப்பதில்லை, ஆரம்பத் தவணைகளில்தான் லாபம் அதிகம் ஏறும். நிலுவைத் தொகை குறையக் குறைய லாபமும் குறைகிற முறையில் போட்டால் இன்னும் சம்பாதிக்காத லாபம் ஏறக்குறைய 3 லட்சத்து 20 ஆயிரம்தான் வரும். அதாவது எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும் அவர் நினைத்தது கிடைத்திருக்காது. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த 3 லட்சத்து 20 ஆயிரமும் அவருக்குக் கிடைக்கவில்லை. மேலே கமிட்டியில் 2 லட்சம் என்று முடிவானது. கடிதத்தில் "வங்கியின் முழு விருப்பத்துக்கு உட்பட்டு" என்ற வரி இருந்தது, அதைத் தாண்டி யாரும் காரணம் எழுதவில்லை. அதே சமயத்தில் வேறொருவர், கூடவே ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு வந்து மேஜையைத் தட்டிப் பேசுகிறவர், கிட்டத்தட்ட முழு இப்ராவையும், அதாவது முந்திக் கட்டுவதற்கான தள்ளுபடியையும், வாங்கிக்கொண்டு போனார். அந்த ஃபைலுக்கும் குறிப்பு எழுதிக் கொடுத்தது நான்தான்.

அண்ணன் சத்தம் போடவில்லை. "வட்டிக்கு விடுறவன்கூட நாள் கணக்குப் பாத்துத்தானே தம்பி வாங்குவான்?" என்று மட்டும் கேட்டார். அவர் முஸ்லிம் இல்லை. இங்கே முஸ்லிம் அல்லாதவர்களும் தாராளமாக இஸ்லாமிய வங்கிக்கு வருவார்கள், அவருக்கு அது இன்னொரு வங்கி, அவ்வளவுதான். அவரிடம் மார்க்கத்தின் நியாயத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

நியாயம் இருக்கிறது, இல்லாமலில்லை. தையல்காரரிடம் சட்டைக்குச் சொல்லிவிட்டு, கூலியை ஒரு மாதம் முந்திக் கொடுக்கிறேன், எவ்வளவு குறைப்பாய் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் விலை சட்டைக்கு, நாளுக்கு அல்ல. முந்திக் கட்டினால் இவ்வளவு குறையும் என்று முதலிலேயே எழுதிவிட்டால், மொத்த விலையும் நாட்களுக்குத்தான், அதாவது வட்டிதான், என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். 1992-இல் ஜித்தாவில் கூடிய, இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் இதைத்தான் சொன்னது: தவணைக் கடனை முந்தி அடைப்பவருக்குக் குறைத்துக்கொள்ளலாம், அது முன்கூட்டிய உடன்பாடாக மட்டும் இருக்கக் கூடாது. நான் அவரிடம் சொன்னதும் அதுதானே.

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கே என் மேல் சந்தேகம் வரும். "எழுத மாட்டாங்க" என்பதை மட்டும் சொல்லியிருந்தால் சரி. அதற்கு முன்னால் "வழக்கமா குறைச்சுக்கும்" என்றும் சேர்த்தேனே, அது வாய்வழி உடன்பாடு இல்லையா? சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும் என்ன? 16 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து எழுந்து போயிருப்பார், எனக்கும் அந்த மாத டார்கெட் விழுந்திருக்கும். ஆமாம், டார்கெட்டும் இருந்தது.

அதற்குச் சில வருடம் முன்பே கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்திருந்தது, 2006-இல் சட்ட இதழில் வந்த தீர்ப்பு, எங்கள் அலுவலகத்திலும் பேசிக்கொண்டோம். வீட்டுக்கு வங்கி கொடுத்தது 346,000 வெள்ளி, விற்ற விலை 992,363 வெள்ளி 40 காசு. வீடு எடுத்தவர் 33 ஆயிரத்துச் சொச்சம் கட்டிவிட்டுத் தவணையை நிறுத்திவிட்டார், வங்கி கேட்டது 958,909 வெள்ளி. முழுக் காலத்துக்கும் லாபம் வேண்டுமென்றால் முழுக் காலத்தையும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நீதிபதியின் வாதம். அது தவணை தவறிய வழக்கு, எங்களுடையது முந்திக் கட்டியது, இரண்டும் வேறு என்று அன்றைக்கு நான் வாதாடினேன். வேறுதான். ஆனால் தவணை தவறியவருக்கு நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு, ஒழுங்காகக் கட்டி முடிக்க வந்தவருக்கு எங்கள் மேஜையில் கிடைக்கவில்லை.

அப்புறம் 2010-இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரீஆ ஆலோசனை மன்றம், இந்தத் தள்ளுபடியை மத்திய வங்கி கட்டாயப்படுத்தலாம், ஒப்பந்தத்திலேயே எழுதலாம் என்று முடிவெடுத்தது. 2011 நவம்பரிலிருந்து விதியாகிவிட்டது. எழுதக் கூடாது என்று நாங்கள் சொன்னதை இப்போது எழுதாவிட்டால் குற்றம். வங்கி தன் விருப்பத்துக்குக் கூட்டிக் குறைப்பதால் வரும் குழப்பத்தை நீக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். அந்தக் குழப்பத்தை நான் இரண்டு ஃபைல்களில் பார்த்திருந்ததால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது இஸ்திஸ்னாவை முடிக்க யாராவது வந்தால் சிஸ்டமே அச்சடித்துத் தந்துவிடும். கட்டடம் பாதியில் நின்றால் குத்தகையாளருக்கு இன்னும் போகாத கட்டத்தொகையைக் கழிப்பது மட்டும்தான் கொஞ்சம் தலைவலி. அந்த அண்ணன் இப்போது வந்திருந்தால் கூடுதலாக 1 லட்சத்து 20 ஆயிரம் அவர் கையில் இருந்திருக்கும்.

ஆனால் ஒருநாள் அதே எண்களை வட்டிக் கடன் அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். எந்த மாதத்தில் முடித்தாலும் இரண்டும் காசு பிசகாமல் ஒன்றாகவே வந்தன. மார்க்கம் படித்த எங்கள் உஸ்தாதிடம் காட்டினேன். ஒப்பந்தம்தான் வேறு, எண் ஒன்றாக இருப்பதில் தடையில்லை என்றார். அந்த அண்ணனிடம் நான் சொல்ல முடியாமல் நின்றதும் ஏறக்குறைய இதைத்தான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும், அவர் படித்தவர்.